புது ஜெயில் கட்டினால் போதாதா என்று கேட்டிருந்தாயே

அன்புள்ள மாப்ளே,

உன் கடிதம் வந்து மூன்று வாரமாகிறது, பதில் போடத் தாமதமாகிவிட்டது. தங்கச்சிக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்ததில் வீட்டில் எல்லோருக்கும் நிம்மதி. எனக்கு முழங்கால் பரவாயில்லை, மாடிப்படி மட்டும்தான் சிரமம்.

சரி, நீ கேட்டதற்கு வருகிறேன். ஜெயில்கள் நிரம்பி வழிகின்றன என்றால் புதிதாகக் கட்ட வேண்டியதுதானே என்று எழுதியிருந்தாய். ரிட்டயர் ஆகும்வரை நானும் அப்படித்தான் நினைத்தேன். இலவச சட்ட உதவி தரும் சட்டப்பணிகள் ஆணைக்குழுவின் தன்னார்வலராக மாதம் இரண்டு தடவை ஜெயிலுக்குள் போய்வர ஆரம்பித்த பிறகு அப்படி நினைக்க முடியவில்லை. கணக்கையே பாரேன். 2022 கடைசியில் நாடு முழுக்க உள்ள ஜெயில்களில் இருந்த இடம் 4,36,266 பேருக்கு, அடைத்து வைத்திருந்தது 5,73,220 பேரை. அதில் தண்டனை பெற்றவர்கள் சுமார் 1.33 லட்சம்தான். நாலில் மூன்று பேர் விசாரணைக் கைதிகள், அதாவது குற்றவாளி என்று இன்னும் எந்தக் கோர்ட்டும் சொல்லாதவர்கள். தண்டனைக் கைதிகள் மட்டும் இருந்தால் இப்போதுள்ள கட்டடத்திலேயே பாதிக்கு மேல் காலியாகக் கிடக்கும். பிறகு எதற்கு இன்னொரு மதில்?

நம் மாநிலத்தில் மொத்தமாகப் பார்த்தால் அவ்வளவு நெரிசல் இல்லை. ஆனாலும் இங்கே நான் பார்த்த ஒருவர் கதையைக் கேள். நீ இருக்கிற ஒடிசாவைச் சேர்ந்தவர்தான், டைல்ஸ் ஒட்டுகிற வேலை. செல்போன் திருடியதாக வழக்கு. இருபத்தைந்து வயதுகூட இருக்காது. ஒரு மூலையில் உட்கார்ந்திருந்தார், எதைக் கேட்டாலும் தலையை மட்டும் ஆட்டினார். கொஞ்சம் இந்தி தெரிந்த இன்னொரு கைதியை வைத்துப் பேசி, பேப்பரை வாங்கிப் பார்த்தால், மாப்ளே, ஜாமீன் கிடைத்து ஐந்து மாதம் ஆகியிருக்கிறது! ஆளுக்குப் பத்தாயிரத்துக்கு இரண்டு உள்ளூர் ஜாமீன்தாரர்கள் வேண்டும், அதில் ஒருவர் ரத்த சொந்தமாக இருக்க வேண்டும் என்று நிபந்தனை. அவருக்கு இந்த ஊரில் தெரிந்த ஒரே ஆள் மேஸ்திரி, அந்த மேஸ்திரியும் போன் எடுப்பதில்லை. ஜாமீன் கிடைத்த விஷயமே அவருக்குப் புரியும்படி யாரும் சொல்லவில்லை.

அன்று ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை. விஏஓவாக இருந்தபோது ஜாமீன் போடுவதற்கென்று சொத்து மதிப்புச் சான்று கேட்டு எத்தனை பேர் என்னிடம் வந்திருப்பார்கள்! நாளைக்கு வா, பட்டாவில் பேர் சரியில்லை, வீட்டு வரி ரசீது பழசு என்று எத்தனை பேரைத் திருப்பி அனுப்பியிருக்கிறேன். அந்த ஒவ்வொரு நாளைக்கும் உள்ளே ஒருவர் உட்கார்ந்திருந்தார் என்பது அப்போது என் மண்டையில் ஏறவே இல்லை. அதை நினைத்தால் இப்போதும் மனசு ஆறவில்லை.

இதெல்லாம் சட்டத்துக்குத் தெரியாத சங்கதியும் இல்லை. மத்தியப் பிரதேசத்தில் மோத்திராம் என்று ஒரு கொத்தனார். ஜாமீனுக்குப் பத்தாயிரம் கேட்டார்கள், அவருடைய அண்ணனோ தம்பியோ ஜாமீன் போட வந்தபோது, சொத்து வேறு மாவட்டத்தில் இருக்கிறது, செல்லாது என்று மாஜிஸ்திரேட் சொல்லிவிட்டார். 1978-இல் அது சுப்ரீம் கோர்ட்டுக்குப் போனது. ஆயிரம் ரூபாய் சொந்த ஜாமீனில், அதாவது வேறு ஜாமீன்தாரர் இல்லாமல் அவருடைய கையெழுத்திலேயே, விடச் சொன்ன நீதிபதி கிருஷ்ணய்யர், ஒரு தமிழனோ மலையாளியோ டெல்லி சாந்தினி சௌக்கில் கைதானால் அங்கே சொத்துள்ள ஜாமீன்தாரருக்கு எங்கே போவான் என்கிற அர்த்தத்தில் எழுதியிருக்கிறார். தமிழனுக்காக அன்று கேட்ட கேள்வியை, நம் ஊரில் மாட்டிக்கொண்ட ஒடிசாக்காரருக்காக இன்று நாம் கேட்க வேண்டியிருக்கிறது.

அடுத்த வருடமே பீகார் ஜெயில்கள் பற்றிய ஹுசைனாரா காத்தூன் வழக்கு. குற்றம் நிரூபணமானால்கூடக் கிடைக்காத அளவுக்கு நீண்ட காலம் விசாரணைக் கைதியாகவே கிடந்தவர்கள் அதில் இருந்தார்கள். விரைவான விசாரணை வாழ்வுரிமையின் பகுதி என்று தீர்ப்பு வந்தது அதில்தான். 2024 ஜூலையில் அமலுக்கு வந்த புதுக் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் (பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா) 479-ஆவது பிரிவு இன்னும் ஒரு படி மேலே போகிறது. இதற்கு முன் எந்தக் குற்றத்துக்கும் தண்டனை பெறாதவர், தன் மேல் உள்ள குற்றத்துக்கான அதிகபட்ச தண்டனையில் மூன்றில் ஒரு பங்கை உள்ளே கழித்துவிட்டால் விட்டுவிட வேண்டும், கோர்ட்டுக்கு எழுத வேண்டியதும் ஜெயில் கண்காணிப்பாளர்தான். மரண தண்டனை, ஆயுள் தண்டனைக்குரிய குற்றங்களுக்கு இது கிடையாது, அது புரிகிறது. ஆனால் ஒன்றுக்கு மேற்பட்ட வழக்கு நிலுவையில் இருந்தாலும் கிடையாது என்று வைத்திருக்கிறார்களே, அதுதான் எனக்கு உறுத்துகிறது. ஏழை ஒருத்தன் கையில் கிடைத்தால் அவன் மேல் இரண்டாவது வழக்கு போட எவ்வளவு நேரமாகும்?

அப்புறம் அந்தப் பையனுக்கு என்ன ஆயிற்று என்று கேட்பாய். ஜாமீன் கிடைத்து ஏழு நாளில் ஆள் வெளியே போகாவிட்டால் கண்காணிப்பாளர் ஆணைக்குழுவுக்குத் தெரிவிக்க வேண்டும், ஒரு மாதம் தாண்டினால் நிபந்தனையைத் தளர்த்துவது பற்றிக் கோர்ட்டே யோசிக்கலாம் என்று 2023 ஜனவரியில் சுப்ரீம் கோர்ட் சொல்லியிருக்கிறது. அதைக் காட்டி இலவச சட்ட உதவி வக்கீலம்மா மனு போட்டார். காவலில் இருப்பவர் யாராக இருந்தாலும், வருமானம் எவ்வளவாக இருந்தாலும் இலவச வக்கீல் உண்டு, அதுவும் அவருக்குத் தெரிந்திருக்கவில்லை. ஒன்பது நாளில் சொந்த ஜாமீனில் வந்துவிட்டார். சாயங்காலம் கேட்டுக்கு வெளியே வந்து நின்றவருக்கு எந்தப் பக்கம் போவது என்று தெரியவில்லை. பஸ் ஸ்டாண்ட் வரை கூடவே போய், இட்லி வாங்கிக் கொடுத்தேன். ஆறு சாப்பிட்டார்.

இப்போது உன்னிடம் ஓர் உதவி. நீ ரூர்கேலாவில் முப்பது வருடம் இருக்கிறாய், ஒடியா சரளமாகப் பேசுவாய். "உங்களுக்கு ஜாமீன் கிடைத்துவிட்டதா? வக்கீல் இருக்கிறாரா? வீட்டுக்கு யாராவது தகவல் சொன்னார்களா?" இந்த மூன்றையும் ஒடியாவில் எப்படிக் கேட்பது என்று தமிழ் எழுத்தில் எழுதி அனுப்பு, வாட்ஸ்அப்பில் பேசியும் அனுப்பு, உச்சரிப்பைப் பழகிக்கொள்கிறேன். வருகிற சனிக்கிழமை உள்ளே போகிறேன். அங்கே இன்னும் நாலு ஒடிசாப் பையன்கள் இருக்கிறார்கள்.

உன் பழைய ரூம்மேட்