வெடேலியா பிடித்த ஆண்டு: செயலாளரின் ஆண்டறிக்கை

அனைவருக்கும் வணக்கம். சந்தா பாக்கி, வாட்ச்மேன் சம்பளம், மோட்டார் ரிப்பேர் எல்லாம் பொருளாளர் படிக்கப்போகும் கணக்கில் இருக்கிறது. குப்பை வண்டி நேரத்துக்கு வருகிறது. கொசு வழக்கம்போல. மற்றபடி, பூங்காவை வெடேலியா என்ற மஞ்சள் பூப் படர்செடி பிடித்துக்கொண்ட மாதிரியே இந்த அறிக்கையையும் அது பிடித்துக்கொண்டது.

முதலில் என் தப்பை ஒப்புக்கொள்கிறேன். வேலியோரம் வெறும் மண்ணாகக் கிடக்கிறதே, புல் வைத்தால் தண்ணீர் ஊற்றி மாளாதே என்று நர்சரியில் ஒரு டிரே நாற்று வாங்கி வந்தவன் நான்தான். "சார், இது தானா வளந்துக்கும்" என்றார் கடைக்காரர். பொய் சொல்லவில்லை. வடகிழக்குப் பருவமழை முடிவதற்குள் நடைபாதையைத் தாண்டி, நந்தியாவட்டையின் அடிவரை மூடி, மழைநீர் வடிகாலின் கம்பி வலைக்குள்ளும் தலையை நீட்டிவிட்டது. மஞ்சள் பூ அழகு, வண்ணத்துப்பூச்சியும் வருகிறது, அதையும் சொல்லிவிட வேண்டும்.

இதன் சொந்த ஊர் மெக்சிகோ, மத்திய அமெரிக்கா, கரீபியன் பக்கம். உலகின் மோசமான 100 அயல் ஆக்கிரமிப்பு இனங்கள் என்று வெளியான பட்டியலில் இதுவும் ஒன்று என்பது எனக்கு நட்ட பிறகுதான் தெரிந்தது. விதையை நம்பி இருக்கிற செடி இல்லை, தண்டு மண்ணைத் தொட்ட இடத்திலெல்லாம் கணுவுக்குக் கணு வேர் விடும். இது தெரியாமல் புல்வெட்டும் மெஷினை ஓட்டினோம், துண்டு துண்டாகப் போய் விழுந்ததெல்லாம் தனிச் செடியாயிற்று. வெட்டியதை அள்ளிப் பக்கத்துக் காலி மனையில் கொட்டினோம், இப்போது அங்கேயும் பூத்திருக்கிறது.

நடுவில் ஒரு மாமி இதை மஞ்சள் கரிசலாங்கண்ணி என்று நினைத்துப் பொரியலுக்குப் பறித்துவிட்டார். இரண்டும் நெருங்கிய உறவுதான், ஆனால் வேறு வேறு செடி. கீரையின் இலை நீண்டு ஒரே வடிவாக இருக்கும். இதன் இலை மூன்று மடலாகப் பிரிந்து பளபளக்கும். தயவுசெய்து பார்த்துப் பறியுங்கள்.

பிறகுதான் உருப்படியாக வேலை நடந்தது. மழை விட்ட மறுநாள், மண் இளகியிருக்கும்போது, களைக்கொத்தியால் வேரோடு கிளறிக் கையால் பிடுங்கினோம். பிடுங்கியதை மொட்டை மாடி சிமெண்டுத் தரையில் மொறுமொறு என்று காயும்வரை போட்டுவிட்டுத்தான் உரக்குழிக்கு அனுப்பினோம். பச்சையாகப் போட்டால் குழியிலேயே துளிர்க்கும். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை திரும்பப் பார்க்க வேண்டியிருக்கிறது, அதில்தான் ஆள் வருவதில்லை. மருந்து அடிக்கலாம் என்று சிலர் சொன்னார்கள், குழந்தைகள் விளையாடும் இடம் என்பதால் செயற்குழு ஒப்பவில்லை.

நம் மடிப்பாக்கத்து மழைத்தண்ணீர் கடைசியில் பள்ளிக்கரணைக்குத்தான் போகிறது. 2022-இல் ராம்சார் தகுதி, அதாவது உலக அளவில் முக்கியமான ஈரநிலம் என்ற அங்கீகாரம், கிடைத்த சதுப்பு நிலம் அது. வடிகாலில் விழும் ஒரு தண்டுத்துண்டு எங்கே போய் ஒதுங்கும் என்று யோசித்துக்கொள்ளுங்கள்.

வீட்டில் வைத்திருப்பவர்களைப் பிடுங்கச் சொல்லவில்லை. தொங்கும் தொட்டியில், கீழே சிமெண்டுத் தரை உள்ள இடத்தில் வையுங்கள். தண்டு தரையைத் தொடுமுன் நறுக்குங்கள். பதியன் கேட்டால் யாருக்கும் கொடுக்காதீர்கள். வடிகாலை ஒட்டி வேண்டவே வேண்டாம்.

வேலியோரம் இப்போது பொடுதலை நட்டிருக்கிறோம். அதுவும் கணுவில் வேர் விடுகிற சாதிதானே என்று கூட்டத்தில் ஒருவர் மடக்கினார். நம் ஊர்ச் செடி, தரையோடு படியும், மிதித்தாலும் தாங்கும் என்றேன். சரி, இந்த முறை உங்களைக் கேட்காமல் நடவில்லை சார் என்றும் சேர்த்துச் சொன்னேன்.