மூன்று பண்ணைகளுக்கு மேல் வேண்டாம்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

ஞாயிறு இணைப்பில் வந்த இத்தாலிப் பயணக் கட்டுரையை ஆசையோடு படித்தேன். புளோரன்ஸ் நகரில் தனிக் காரும் வழிகாட்டியும் அமர்த்திக்கொண்டு, கியாந்திக் குன்றுகளில் ஒயினும் உணவும் ருசி பார்த்துவிட்டு மாலையில் திரும்புகிற ஒருநாள் பயணம் பற்றிய கட்டுரை அது. தமிழ் நாளிதழில் இதற்கு அரைப்பக்கம் ஒதுக்கியது எனக்கு மகிழ்ச்சிதான். ஆனால் கடைசியில் கட்டம் கட்டிப் போட்டிருந்த கால அட்டவணை என்னை உறுத்திக்கொண்டே இருக்கிறது. காலை ஒன்பதிலிருந்து மாலை ஆறுக்குள் ஐந்து ஒயின் பண்ணைகள். அதிகப் பண்ணைகள் பார்த்தால்தான் கொடுத்த பணம் செரிக்கும் என்ற எண்ணத்தில் போட்டிருப்பீர்கள். அதை நம்பி யாராவது கிளம்பினால் அவர்களுக்கு அந்த நாளும் கிடைக்காது, ருசியும் கிடைக்காது. மூன்று பண்ணைகள் போதும். அதற்கு மேல் வேண்டாம்.

நான் பணிக்காலம் முழுவதும் தேயிலை ருசி பார்த்தவள். டீ டேஸ்டர் என்பார்கள். வரிசையாக வெள்ளைக் கோப்பைகளை வைத்து, ஒரு கரண்டி எடுத்து, சத்தம் வர உறிஞ்சி, நாக்கு முழுவதும் பரவவிட்டு, படிக்கத்தில் துப்பிவிட்டு அடுத்த கோப்பைக்கு நகர்வது என் வேலை. ஒரே நாளில் நூற்றுக்கணக்கான கோப்பைகள் போகும். அப்படியிருக்க, ஐந்து பண்ணை அதிகம் என்று நான் சொல்வது விந்தையாகத் தோன்றலாம். தேயிலையில் நான் தேடியது விலையை நிர்ணயிக்க உதவும் குணத்தையும் குறையையும் மட்டும். புகை வாடை இருக்கிறதா, இலை அதிகம் வெந்துவிட்டதா, நிறம் எடுபடுகிறதா என்று பார்த்து, குறிப்பேட்டில் ஒரு சொல் எழுதினால் முடிந்தது. பயணம் போகிறவர் தேடுவது அதுவல்ல. அவருக்கு அந்த ருசி பிடிக்க வேண்டும், நினைவில் நிற்க வேண்டும். தவிர, தேநீரில் ஆல்கஹால் கிடையாது.

உங்கள் அட்டவணையையே கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஒரு பண்ணையில் பெரும்பாலும் நான்கு வகை ஊற்றுவார்கள். ஒவ்வொன்றும் 40 மில்லி என்று வையுங்கள். ஐந்து பண்ணைகளில் 800 மில்லி. ஒரு முழு பாட்டிலே 750 மில்லிதான். ஒயினில் 13.5 சதவீதம் ஆல்கஹால் என்றால், துப்பாமல் குடிக்கும் ஒருவர் உடம்பில் ஏறக்குறைய 85 கிராம் சுத்த ஆல்கஹால் ஏறியிருக்கும். நான்காவது பண்ணையில் அவர் எதை ருசித்தார் என்று மறுநாள் கேட்டால் சொல்ல முடியுமா?

நேரக் கணக்கு இன்னும் மோசம். தோட்டத்தில் கொஞ்சம் நடந்து, நிலவறைக்குள் இறங்கி, உட்கார்ந்து ருசி பார்க்க ஒரு பண்ணைக்கு ஒன்றேகால் மணி நேரமாவது வேண்டும். ஐந்துக்கு ஆறேகால் மணி. புளோரன்ஸிலிருந்து குன்றுகளுக்குப் போய்வர இரண்டு மணி நேரம். கியாந்திஜானா என்று அழைக்கப்படும் அந்த 222ஆம் எண் சாலை அழகானது, ஆனால் வளைவுகளுக்குக் குறைவில்லாதது; அதில் விரட்டி ஓட்டினால் பின்சீட்டில் இருப்பவருக்குக் குமட்டும். மிச்சம் முக்கால் மணி. பண்ணைக்குப் பண்ணை போவதும் மதியச் சாப்பாடும் அதற்குள் முடிய வேண்டும். உணவு ருசி பார்க்கும் பயணம் என்று தலைப்பில் போட்டுவிட்டு உணவுக்கு அட்டவணையில் இடமே விடவில்லை என்பதுதான் எனக்குப் பெரிய வருத்தம்.

ஏனென்றால் அந்த ஊர் ஒயின் உணவோடு சேர்ந்தால்தான் பேசும். கியாந்தியின் பழைய பகுதியில் செய்யும் கியாந்தி கிளாசிகோ என்ற ஒயினில் குறைந்தது 80 சதவீதம் சாஞ்ஜோவேசே என்ற கருந்திராட்சை இருக்க வேண்டும் என்பது விதி. புளிப்பும் துவர்ப்பும் நிறைந்த திராட்சை அது. துவர்ப்புக்குக் காரணம் தோலிலும் விதையிலும் இருக்கும் டானின். அது நம் எச்சிலில் உள்ள புரதங்களைப் பிடித்துக்கொள்கிறது. வழுவழுப்பு போய் நாக்கும் கன்னத்தின் உட்புறமும் வறண்டு இழுக்கின்றன. முதல் மடக்கில் இது இதமாக இருக்கும். இடைவெளி விடாமல் மடக்கு மடக்காகக் குடித்தால் துவர்ப்பு ஏறிக்கொண்டே போகும், பழ ருசி பின்னுக்குப் போய்விடும். எச்சில் மறுபடி ஊறி வாய் பழைய நிலைக்கு வர நேரம் தேவை. அல்லது உணவு தேவை. கடுந்தேநீரில் பால் ஊற்றினால் துவர்ப்பு அடங்குவதை எல்லோரும் அறிவோம். பாலின் புரதம் அந்தத் துவர்ப்புப் பொருளைத் தன்பக்கம் இழுத்துக்கொள்கிறது, எச்சில் தப்பிக்கிறது. ஒயினுக்குப் பக்கத்தில் வைக்கும் பெகோரினோ என்ற செம்மறிப்பால் சீஸ் செய்வதும் ஏறத்தாழ இதே வேலைதான். சீஸின் உப்பு கசப்பையும் மட்டுப்படுத்துகிறது.

இதை நான் படித்து வைத்திருந்தேனே தவிர, வாயில் உணர்ந்தது நானும் என் கணவரும் கியாந்திக்குப் போனபோதுதான். ராத்தா என்ற ஊருக்குப் பக்கத்தில் ஒரு சிறு பண்ணை. ஒரே திராட்சையின் மூன்று ஒயின்களை வரிசையாக ஊற்றினார்கள். முதலாவது அன்னாட்டா என்ற சாதாரண வகை. இரண்டாவது 24 மாதமாவது முதிரவிட்ட ரிசெர்வா. மூன்றாவது சொந்தத் தோட்டத்துப் பழத்தில் மட்டும் செய்து 30 மாதம் காத்திருந்த கிரான் செலெசியோனே. முதல் சுற்றில் மூன்றாவது எனக்குக் கரடாக, முரட்டுத்தனமாகப் பட்டது. பிறகு சீஸும், அந்த ஊரின் உப்பில்லாத ரொட்டியும், பெருஞ்சீரகம் போட்ட ஃபினோக்கியோனா என்ற பன்றி இறைச்சிச் சீவலும் வந்தன. சீஸும் இறைச்சியும் உப்பாக இருப்பதால் ரொட்டி சப்பென்று இருப்பது பொருத்தமாகவே இருக்கிறது. கால் மணி நேரம் மெதுவாகத் தின்றுவிட்டு அதே மூன்று கோப்பைகளுக்கும் திரும்பினேன். மூன்றாவது விரிந்திருந்தது. உலர்ந்த செர்ரி, தோல், ஈர மண் என்று ஒவ்வொன்றாக வந்தன. முதலாவது இப்போது கொஞ்சம் மெலிந்து தெரிந்தது. கோப்பைக்குள் காற்று பட்டதும் ஒரு காரணம், உணவும் ஒரு காரணம். எங்கள் வழிகாட்டி கைக்கடிகாரத்தைப் பார்க்கவே இல்லை. அந்த ஒரு மணி நேரத்துக்காகவே அவரை மனதார வாழ்த்துகிறேன். இந்தத் திரும்பிப் பார்த்தலுக்கு ஐந்து பண்ணை அட்டவணையில் இடம் ஏது?

தனி வழிகாட்டியை அமர்த்துவதன் பயனே அதுதான். பேருந்தில் கூட்டமாகப் போனால் மணி அடித்ததும் எழுந்தாக வேண்டும். தனியாகப் போகும்போது நாள் உங்கள் கையில். பிடித்த இடத்தில் உட்காரலாம், பிடிக்காத இடத்திலிருந்து சீக்கிரம் கிளம்பலாம். அந்தச் சுதந்திரத்துக்குத்தான் கூடுதல் பணம் தருகிறோம். அதைக் கொண்டுபோய் இன்னும் இரண்டு பண்ணைகளில் செலவழிக்கச் சொல்கிறீர்களே.

அடுத்தது துப்புவது பற்றி. கட்டுரையில் இதைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. மேசையில் ஒரு ஜாடியோ வாளியோ வைத்திருப்பார்கள். அது படிக்கம்தான். அதில் துப்பினால் ஒயின் செய்தவரை அவமதிப்பதாக நம்மவர்கள் பலர் கூச்சப்படுகிறார்கள். அவர்களும் தங்கள் ஒயினை நாள்தோறும் அப்படித்தான் ருசி பார்க்கிறார்கள். துப்பினால் ருசி குறையுமா என்றால், பெரும்பாலும் குறையாது. மணத்தில் பெரும்பகுதி தொண்டைக்குப் பின்னால் ஏறி மூக்குக்குப் போகிறது. வாயில் சுழற்றி, கொஞ்சம் காற்றை உள்ளிழுத்து, துப்பிய பிறகு மூக்கு வழியே மூச்சை விட்டுப் பாருங்கள், எல்லாம் தெரியும். மிகவும் பிடித்த ஒன்றை மட்டும் சாப்பாட்டோடு விழுங்குங்கள். அன்றைக்கு சென்ட் பூசிக்கொள்ளவும் வேண்டாம். எங்கள் டேஸ்டிங் அறையில் சென்ட் பூசியவரை உள்ளேயே விடமாட்டோம். பக்கத்தில் நிற்பவரின் மூக்கையும் அது கெடுத்துவிடும்.

சென்ற வாரம் இதே பகுதியில் ஒரு வாசகர், குடியை வளர்க்கும் கட்டுரை என்று கண்டித்திருந்தார். அவருடைய கவலையை நான் மதிக்கிறேன். ஐந்து பண்ணை அட்டவணைக்கு அந்தக் கண்டனம் பொருந்தவும் செய்கிறது. மெதுவாக, துப்பி, உணவோடு ருசி பார்க்கும் நாளுக்குப் பொருந்தாது. என் கணவர் குடிப்பதே இல்லை, இறைச்சியும் தொடமாட்டார். அவரும் என்னோடு வந்தார். அவருக்கு அந்த நாள் என்னைவிட நிறைவாக இருந்தது என்றே சொல்வேன். வெள்ளை அவரை, பழைய ரொட்டி, கீரை எல்லாம் போட்டு மறுபடி கொதிக்கவைத்த ரிபொல்லீத்தா என்ற கெட்டி சூப்பை இரண்டு கிண்ணம் சாப்பிட்டார். சைவ உணவை முன்கூட்டியே வழிகாட்டியிடம் சொல்லிவிட்டதால் பண்ணையில் தயாராக இருந்தது. ஒன்றை மட்டும் கண்டிப்பான சைவர்கள் கவனிக்க வேண்டும்: பெகோரினோ போன்ற சீஸ்களைப் பெரும்பாலும் கன்று அல்லது ஆட்டுக்குட்டியின் இரைப்பையிலிருந்து எடுக்கும் பொருளைக் கொண்டே உறையவைக்கிறார்கள். கேட்டுவிட்டுச் சாப்பிடுவது நல்லது.

என் கணவரை மிகவும் கவர்ந்தது ஆலிவ் எண்ணெய். சின்னக் கோப்பையில் ஊற்றி, மேலே ஒரு கையால் மூடி, அடியில் மறு கையின் சூட்டைக் கொடுத்து, பிறகு முகர்ந்து உறிஞ்ச வேண்டும். முறைப்படி ருசி பார்ப்பவர்கள் நீலக் கண்ணாடிக் கோப்பை வைத்திருப்பார்கள், நிறத்தைப் பார்த்து மயங்கிவிடக் கூடாது என்பதற்காக. வாழ்நாளெல்லாம் நிறம் பார்க்க வெள்ளைக் கோப்பையைத் தேடிய எனக்கு அது புதுப் பாடம். நல்ல புது எண்ணெய் தொண்டையில் மிளகு போலக் காரமாக இறங்கும், இருமல் வரும். கெட்டுப்போனது என்று நினைத்துவிடாதீர்கள். ஓலியோகாந்தால் என்ற இயற்கைப் பொருளின் வேலை அது, தரத்தின் அடையாளமும்கூட. புது எண்ணெய் வேண்டுமென்றால் அக்டோபர் கடைசி, நவம்பரில் போகலாம். செப்டம்பர் கடைசியிலிருந்து திராட்சை அறுவடை நடக்கும். பார்க்க அருமை, ஆனால் பண்ணைக்காரர்களுக்கு உங்களோடு உட்கார்ந்து பேச நேரம் இருக்காது.

கருஞ்சேவல் கதைக்குக் கட்டுரையில் நிறைய இடம் கொடுத்திருந்தீர்கள். புளோரன்ஸ், சியனா என்ற இரு நகரங்களின் குதிரை வீரர்கள் சேவல் கூவியதும் கிளம்பி எல்லையை வகுத்தார்கள் என்ற கதை சுவையானதுதான். ஆனால் ஏட்டில் இருக்கும் வரலாறு அதைவிடப் பயன்படும். 1716இல் அந்தப் பகுதியை ஆண்ட மூன்றாம் கோசிமோ தெ மெதிச்சி ஆணை போட்டு கியாந்தியின் எல்லையை வரையறுத்தார். பின்னாளில், 1932இல், பெயரைச் சுற்றுப்புறங்களுக்கும் நீட்டியபோது பழைய பகுதிக்கு கிளாசிகோ என்ற ஒட்டு வந்தது. இதைத் தெரிந்துகொண்டால் வழிகாட்டி எந்தப் பகுதிக்கு அழைத்துப் போகிறார் என்று முன்பே கேட்கலாம். பாட்டில் கழுத்தில் கருஞ்சேவல் முத்திரை இருந்தால் அது கிளாசிகோ.

வழிகாட்டியிடம் கேட்க வேண்டியவை இன்னும் உண்டு. பண்ணைகளில் முன்பதிவு செய்தாகிவிட்டதா? ஊற்றுகிறவர் ஒயின் செய்யும் குடும்பத்தைச் சேர்ந்தவரா, விற்பனைக்கு நிறுத்தப்பட்டவரா? குடிக்காதவருக்குத் தனிக் கட்டணம் உண்டா? திட்டத்தில் இல்லாத கடை எதற்காவது அழைத்துப் போவீர்களா? கடைசிக் கேள்விக்குக் காரணம் இருக்கிறது. வேறொரு பயணத்தில் எங்களை அழைத்துப் போனவர் சாலையோர விற்பனைக் கூடம் ஒன்றில் வண்டியை நிறுத்திவிட்டு, நாங்கள் எதையாவது வாங்கும்வரை கிளம்பவே இல்லை. மதிய உணவு நேரம் அதிலேயே கரைந்தது.

எல்லாவற்றுக்கும் மேலாக, ஓட்டுபவர் குடிக்கக் கூடாது. வாடகைக் கார் செலவு குறைவு, நாமே ஓட்டலாம் என்று உங்கள் கட்டுரை ஒரு யோசனை சொல்கிறது. இத்தாலியில் பொதுவான வரம்பு ஒரு லிட்டர் ரத்தத்தில் அரை கிராம் ஆல்கஹால். ஓட்டுநர் உரிமம் பெற்று மூன்று ஆண்டு ஆகாதவருக்கும், 21 வயது நிரம்பாதவருக்கும், தொழில்முறை ஓட்டுநருக்கும் அது பூஜ்யம். துப்பினாலும் கொஞ்சம் உள்ளே போகத்தான் செய்யும். ஐந்து பண்ணைகளில் ருசி பார்த்துவிட்டு அந்த வளைவுச் சாலையில் குடும்பத்தை ஏற்றிக்கொண்டு வருவதை நினைக்கவே எனக்கு நடுங்குகிறது.

ஆகவே, கட்டுரையின் இணையப் பதிப்பிலிருந்து வாடகைக் கார் யோசனையை உடனே நீக்குங்கள். அட்டவணையை மாற்றிப் போடுங்கள்: காலை பத்தரைக்கு முதல் பண்ணை, தோட்டமும் நிலவறையும். ஒரு மணிக்கு இரண்டாவது பண்ணை, அங்கேயே மதிய உணவு, இரண்டு மணி நேரம் அசையாமல். நாலு மணிக்கு மூன்றாவது இடம். அங்கே ஒயினைக் குறைத்து எண்ணெயும், உலர்த்திய திராட்சையிலிருந்து செய்து பரண் அறையில் சிறு பீப்பாய்களில் ஆண்டுக்கணக்கில் வைத்திருக்கும் இனிப்பான வின் சாண்டோவும், தொட்டுக்கொள்ள பாதாம் பிஸ்கட்டும். இனிப்பைத் தின்றுவிட்டுச் சாதாரணச் சிவப்பு ஒயினைக் குடித்தால் புளிப்பும் துவர்ப்பும் தூக்கலாகத் தெரியும் என்பதால், அது கடைசியில்தான் வர வேண்டும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தேயிலைச் சுவை நிபுணர்,
உங்கள் நெடுநாள் வாசகி