செயலாளர் ஆண்டறிக்கை 2024–25: கீரைப் பாத்தியும் ஐந்து பூனைகளும்

பொதுக்குழு உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம்.

நம் குடியிருப்போர் நலச் சங்கத்தின் 2024 ஏப்ரல் முதல் 2025 மார்ச் வரையிலான செயல்பாடுகளை உங்கள் முன் வைக்கிறேன். லிஃப்ட் பராமரிப்பு ஒப்பந்தம் புதுப்பிக்கப்பட்டது. சம்ப் இரண்டு முறை கழுவப்பட்டது. பி பிளாக் மொட்டை மாடி ஒழுகல் அடைக்கப்பட்டு, நவம்பர் கடைசியில் ஃபெஞ்சல் புயல் மழையில் மறுபடி ஒழுகி, மறுபடி அடைக்கப்பட்டது. இவற்றின் வரவு செலவைப் பொருளாளர் வாசிப்பார். ஆனால் செயற்குழுக் கூட்டங்களில் அதிக நேரத்தைத் தின்றவை பூனைகள்தான். ஆகவே இந்த அறிக்கையும் பெரும்பாலும் அவற்றைப் பற்றியதே. பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஆடிப்பட்டத்தில் கிழக்கு மதிலோரம் மூன்று பாத்தி கொத்தி, தொழுவுரம் கலந்து, அரைக்கீரையும் சிறுகீரையும் தெளித்தோம். மாடியில் வெண்டைக்கும் கத்தரிக்கும் பைகளில் தென்னை நார்க்கழிவு நிரப்பி வைத்தோம். நாலாம் நாள் காலை பாத்தி நடுவே பள்ளம், பக்கத்தில் மண் குவியல், கிட்டப் போனால் நாற்றம். ஒரு வாரத்தில் மாடிப் பைகளிலும் அதே கதை. நார்க்கழிவு லேசானது, உலர்ந்தது, காலால் தள்ளினால் விலகிக்கொடுப்பது. காசு கொடுத்து வாங்கும் பூனை மணலுக்கு அது எந்த விதத்திலும் குறைந்ததில்லை என்பது நமக்குத்தான் தெரியவில்லை.

இதில் என் பங்கும் உண்டு. பாத்தியில் முளைத்த குப்பைமேனியை ஒரு ஞாயிறு மாலை நான்தான் பிடுங்கி வரப்பிலேயே போட்டுவிட்டு வந்தேன். மறுநாள் விடியலில் பார்த்தால் ஆரஞ்சு நிறக் கடுவன் பூனை அந்த வேர்களை வாயில் கவ்விக்கொண்டு, கண் பாதி செருகி, முளைத்து வந்த கீரை மேல் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமுமாகப் புரண்டுகொண்டிருந்தது. விரட்டினால் எழுந்து நின்று என்னைப் பார்த்துவிட்டு மறுபடி படுத்துக்கொண்டது. ஏ பிளாக் பாட்டி மாடியிலிருந்து சிரித்தார்கள். "அதுக்குப் பேரே பூனைவணங்கிப்பா, பிடுங்கின வேரு வாசனைக்கு எங்கிருந்தாலும் வந்துடும்" என்றார்கள். மடியில் பூனையைக் கட்டிக்கொண்டு சகுனம் பார்த்த கதையாகிவிட்டது. அதிலிருந்து குப்பைமேனியைப் பிடுங்கினால் பையில் கட்டி அன்றே வெளியேற்ற வேண்டும் என்பது தோட்டக்குழுவின் விதி.

ஆகஸ்ட் மாதம் முழுக்க ஆளுக்கொரு வைத்தியம் நடந்தது. சொட்டு நீலம் கலந்த தண்ணீர் பாட்டில்களை வரிசையாக நிறுத்தினோம். சாம்பல் பூனை ஒரு பாட்டிலில் முதுகைச் சாய்த்துத் தூங்கியதை உறுப்பினர் ஒருவர் படம் எடுத்து வாட்ஸ்அப்பில் போட்டார். எலுமிச்சைத் தோல் இரண்டு நாள் வேலை செய்தது, காய்ந்ததும் எறும்பு வந்தது. மிளகாய்த்தூள் தூவியவருக்கே காற்றில் கண் எரிந்தது. பூனை அதை மிதித்த காலை நக்கி, அதே காலால் முகம் துடைக்கும் என்பதால் இனி யாரும் அதைச் செய்ய வேண்டாம். அந்துருண்டையும் ஃபினாயிலும் அதைவிட மோசம். பூனையின் ஈரலுக்கு அந்த வகை ரசாயனங்களை முறித்து வெளியேற்றும் திறன் மிகக் குறைவு. கொஞ்சம் உள்ளே போனாலும் உயிருக்கு ஆபத்து. நம் பக்கம் இரண்டு கத்தரிச் செடிகள்தான் ஃபினாயிலில் கருகின, பூனைக்கு ஒன்றும் ஆகவில்லை. அம்மோனியா கலந்த திரவத்தால் தரையைக் கழுவியது இன்னொரு தவறு. மூத்திரத்திலும் அதே வாடைதான். அது பூனைக்கு அழைப்பு மாதிரி.

ஒரு யோசனையைத் தனியாகச் சொல்ல வேண்டும். சாக்கில் கட்டி மீன் மார்க்கெட் பக்கம் விட்டுவிடலாம் என்று கூட்டத்தில் பேசப்பட்டது. நான் மறுத்தேன். சோறு தண்ணீர் இல்லாமல் தவிக்கும் நிலையில் ஒரு விலங்கைக் கைவிடுவது 1960-ஆம் ஆண்டு மிருகவதைத் தடுப்புச் சட்டப்படி குற்றம். மறுத்த பிறகும் ஒரு வெள்ளைப் பூனை ஓரிரவில் காணாமல் போனது. யார் வேலை என்று நான் விசாரிக்கவில்லை, விசாரித்திருக்க வேண்டும். இரண்டே வாரத்தில் அந்த இடத்துக்கு வேறொரு கறுப்புப் பூனை வந்து சேர்ந்தது.

விஷயத்தைப் பிடித்தவர் நம் இரவு வாட்ச்மேன். "சார், பக்கத்து மனையில வீடு கட்டினப்ப ஒன்றரை வருஷம் மணல் கொட்டிக் கிடந்துச்சு. எல்லாப் பூனையும் அங்கதான் போகும். ஜூன்ல கிரகப்பிரவேசம் ஆச்சு, மணல அள்ளிட்டாங்க. அதுங்க எங்க போகும்?" அவ்வளவுதான். அதுவரை ஒரு கமிட்டி முழுக்க வாசனையைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தோம். பூனைகளின் கழிப்பறையே போய்விட்டது என்று யாருக்கும் தோன்றவில்லை.

செப்டம்பரில் மோட்டார் ரூமுக்குப் பின்னால், மழை படாமல் ஷீட் இறக்கிய இடத்தில், நாலடிக்கு நாலடி செங்கல் அடுக்கி ஆற்று மணல் கொட்டினோம். பாத்தியில் கிடந்ததில் கொஞ்சத்தை வாட்ச்மேனே அள்ளி அந்த மணலில் புதைத்தார், வாடை தெரியட்டும் என்று. முதலில் வந்தது சாம்பல் பூனை. அடுத்த வாரத்தில் மற்றவையும்.

மணல் வைத்தால் போதாது, பாத்தியில் வெறும் மண் தெரியவும் கூடாது. விதைத்ததும் ஒரு அங்குலக் கண் கொண்ட கோழிவலையைப் பாத்தி மேல் படுக்கப் போட்டு ஓரங்களில் கல் வைத்தோம். கீரை வலை வழியாகவே முளைத்து வந்தது. மாடிப் பைகளில் செடியைச் சுற்றி விளக்குமாற்றுக் குச்சிகளை நாலு விரல் இடைவெளியில் குத்தினோம். பூனைக்கு உட்கார இடம் இல்லாமல் போனால் அது தோண்டுவதில்லை. பெரிய தொட்டிகளில் கொட்டாங்குச்சியைக் கவிழ்த்துப் பரப்பினோம். கவிழ்த்து என்பதை அழுத்திச் சொல்கிறேன். சி பிளாக்கில் யாரோ நிமிர்த்தி வைத்துவிட்டார்கள். அக்டோபர் மழையில் அவற்றில் தண்ணீர் தேங்கி, கொசு ஒழிப்புப் பணிக்கு வந்தவர் புழுவை டார்ச் அடித்துக் காட்டி எச்சரித்துவிட்டுப் போனார். டெங்கு கொசுவுக்கு ஒரு கொட்டாங்குச்சித் தண்ணீரே தாராளம்.

பிரசவத்துக்குத் தாய்வீடு வந்திருந்த பெண் ஒருவர், இந்தக் கீரையைச் சாப்பிடலாமா என்று கேட்டார். நியாயமான கேள்வி. பூனைக் கழிவில் டாக்ஸோபிளாஸ்மா என்ற ஒட்டுண்ணியின் முட்டைகள் இருக்கலாம். கர்ப்பத்தின்போது முதல்முறையாகத் தொற்றினால் கருவைப் பாதிக்கும். எல்லாப் பூனையும் எப்போதும் அதைக் கழிப்பதில்லை. பெரும்பாலும் முதல் தொற்றுக்குப் பின் ஓரிரு வாரங்கள் மட்டுமே. கழிந்த உடனே அது தொற்றாது, அதற்கு ஒன்று முதல் ஐந்து நாள் ஆகும். ஆனால் ஈர மண்ணில் ஒரு வருடத்துக்கு மேலும் உயிரோடிருக்கும். ஆக, தினமும் அள்ளிவிடுவது, கையுறை இல்லாமல் மண்ணைத் தொடாதிருப்பது, கீரையை நாலு தண்ணீரில் அலசி நன்றாக வேகவைப்பது, கர்ப்பிணிகள் தோட்ட வேலையிலிருந்து விலகியிருப்பது. பூனை அசிங்கம் செய்த மண்ணை உரக்குழியில் போடுவதையும் நிறுத்திவிட்டோம்.

தினமும் அள்ளுவது யார்? துப்புரவு வேலை செய்யும் அம்மாவின் பொறுப்பு என்று அவரைக் கேட்காமலேயே தீர்மானம் எழுதினோம். "பேசின சம்பளத்துல பூனை வேலை இல்ல சார்" என்று ஒரே வரியில் திருப்பிக் கொடுத்தார். அவர் சொன்னது சரி. மாதம் 600 ரூபாய் கூடுதலாகப் பேசி, கையுறையும் நீளப் பிடி வைத்த அள்ளியும் வாங்கிக் கொடுத்த பிறகே வேலை தொடங்கியது.

மீன் தலையும் தயிர்சாதமும் வைக்கும் டி பிளாக் அம்மாவோடு பலருக்கும் மனஸ்தாபம் இருந்தது. சோறு வைப்பதால்தான் பூனை வருகிறது என்று. நான்கு ஐந்து மாதக் குட்டியே சினைப்படும், இரண்டு மாதத்தில் ஈனும். இந்த வேகத்தில் சோற்றை நிறுத்தி என்ன ஆகப்போகிறது? அவர் கையால் சாப்பிடும் பூனையை அவரால்தான் பிடிக்க முடியும் என்பதை யோசித்துப் பார்த்தபின் நாங்களே அவரைத் தேடிப் போனோம். டிசம்பர் முதல் பிப்ரவரி வரை நான்கு பூனைகளை ஒவ்வொன்றாகக் கூண்டில் ஏற்றி ஆட்டோவில் கொண்டுபோய்க் கருத்தடை செய்து கூட்டி வந்தார். செலவு உறுப்பினர்கள் தனித்தனியாகக் கொடுத்தது, சங்கப் பணம் இல்லை. இடது காது நுனி வெட்டியிருந்தால் ஆபரேஷன் ஆனது என்று அர்த்தம். அடிபட்டிருக்கிறது என்று எனக்கு போன் செய்ய வேண்டாம். கடுவன் கார் டயர்களில் மூத்திரம் பீய்ச்சுவது குறைந்துவிட்டதாக ஏ பிளாக்கிலிருந்து சொல்கிறார்கள்.

இந்த வகையில் சங்கச் செலவு: கோழிவலை 1,860 ரூபாய், மணல் 2,400 ரூபாய், துப்புரவுக் கூடுதல் ஊதியம் ஏழு மாதத்துக்கு 4,200 ரூபாய், ஆக 8,460 ரூபாய். கையுறையும் அள்ளியும் தலைவர் வாங்கித் தந்தவை. தை அறுவடையில் வீட்டுக்கு இரண்டு கட்டு கீரை கொடுத்தோம். வாங்காமல் விட்டவர்கள் மூன்று வீட்டார். அவர்கள் தயக்கம் புரிகிறது.

பொதுக்குழுவின் ஒப்புதலுக்கு இரண்டு. மணலை ஆடிக்கு முன் முழுதாக மாற்ற வேண்டும், அதற்குத் தொகை ஒதுக்க வேண்டும். துப்புரவுக் கூடுதல் ஊதியத்தை நிரந்தரமாக்க வேண்டும். ஐந்தாவதான கறுப்புப் பூனை இன்னும் பிடிபடவில்லை. வயிறு பெரிதாகத் தெரிகிறது. கூண்டு என் வீட்டு வாசலில் இருக்கிறது. எந்த நேரம் கண்ணில் பட்டாலும் மணி அடியுங்கள்.

இவண்,
செயலாளர்