வாங்காதே என்றதற்குக் காரணம்

அன்புள்ள மகனுக்கு,

அம்மா எழுதுவது. இங்கே எல்லாரும் சுகம். அப்பாவுக்கு முழங்கால் வலி குறைந்திருக்கிறது. மாடிப்படி ஏறக் கூடாது என்று டாக்டர் சொன்னதை மட்டும் கேட்பதில்லை.

போனில் நீ கேட்டதற்கு "வாங்காதே" என்று சொல்லி வைத்துவிட்டேன். அது உனக்கு வருத்தமாக இருந்திருக்கும். ஜெர்மனியில் லைப்சிக்கில் உங்கள் வீட்டு ஜெபக்கூட்டத்தில் வேதபாடம் நடத்தும் பொறுப்பை உன்னிடம் கொடுத்திருக்கிறார்கள். அதை ஒழுங்காகச் செய்ய வேண்டும் என்று ஆசைப்படுகிறாய். அதற்காகச் சில நூறு யூரோ கொடுத்து ஒரு வேதாகம ஆய்வு மென்பொருள் தொகுப்பு வாங்கலாமா என்று கேட்டாய். பணத்துக்காக நான் மறுக்கவில்லை. அதில் உள்ள புத்தகங்கள் என்று நீ அனுப்பிய பட்டியலை ஒவ்வொரு வரியாகப் பார்த்துவிட்டுத்தான் மறுத்தேன்.

அந்தப் பட்டியலில் பாதிக்கு மேல் உன் கொள்ளுத்தாத்தா பிறப்பதற்கு முன்னால் எழுதப்பட்டவை. மத்தேயு ஹென்றி என்ற ஆங்கிலப் போதகரின் வியாக்கியானம், அதாவது வேதத்துக்கு எழுதிய விளக்கவுரை, இருக்கிறது; அவர் 1714இல் இறந்தவர். வேதத்தில் ஒரு சொல் எங்கெங்கே வருகிறது என்று காட்டும் ஜேம்ஸ் ஸ்ட்ராங்கின் ஒத்தவாக்கிய அகராதி இருக்கிறது. அது 1890இல் வெளிவந்தது. இவற்றின் பதிப்புரிமை எப்போதோ முடிந்துவிட்டது. நம் நாட்டுச் சட்டப்படி எழுதியவர் இறந்து 60 ஆண்டுகள் கழிந்தால் அந்தப் புத்தகம் பொதுச் சொத்து. பொதுச் சொத்தை அழகான அட்டைக்குள் வைத்து விற்பது குற்றமில்லை. ஆனால் அதையே காசில்லாமல் கொடுக்கிறவர்கள் இருக்கும்போது நீ ஏன் வாங்க வேண்டும்?

என் கம்ப்யூட்டரில் இருப்பது இ-ஸ்வோர்ட் என்ற வேதாகம நிரல். ரிக் மேயர்ஸ் என்பவர் 2000இல் வெளியிட்டது, விண்டோஸில் இலவசம். உன் லேப்டாப்பில் லினக்ஸ் என்றாயே, அதற்கு கிராஸ்வயர் வேதாகமச் சங்கத்தின் ஸ்வோர்ட் திட்டத்தில் சேர்ந்த ஸிஃபோஸ் அல்லது பைபிள்டைம் போதும். போனுக்கு ஆண்ட்பைபிள். இவை வெறும் இலவசம் அல்ல, கட்டற்ற மென்பொருள்கள். நிரலை யார் வேண்டுமானாலும் திறந்து பார்க்கலாம், திருத்தலாம். சங்கீதத்துக்கு நடுவில் கடன் விளம்பரம் வராது. வேதம் வாசிக்க உன் தொலைபேசித் தொடர்புகளை எல்லாம் கேட்காது. இலவசம் என்று சொல்லிக்கொண்டு இவ்விரண்டையும் செய்கிற செயலிகள் நிறைய உண்டு. அவற்றைத் தொடாதே.

கிரேக்கம், எபிரெயம் பக்கம் போக வேண்டுமென்றால் கேம்பிரிட்ஜில் உள்ள டிண்டேல் ஹவுஸ் என்னும் ஆய்வு நிலையத்தார் உருவாக்கிய ஸ்டெப் பைபிள் இருக்கிறது. அதுவும் இலவசம்தான். இணையம் இல்லாத இடத்துக்கும் இறக்கி வைத்துக்கொள்ளலாம்.

இனி நான் உண்மையில் சொல்ல வந்தது. இந்த நிரல்களில் உனக்கு எது இலவசமாகக் கிடைக்கிறதோ, அது ஏன் இலவசம் என்று ஒவ்வொரு முறையும் கேட்டுக்கொள். பெரும்பாலும் பதில் ஒன்றுதான்: பழையது. திரையில் எல்லாம் ஒரே எழுத்துருவில், ஒரே வெள்ளைப் பின்னணியில் வருவதால் பழையது பழையதாகத் தெரிவதில்லை. அலமாரியில் இருந்தால் தாளின் மஞ்சள் நிறமே வயதைச் சொல்லிவிடும்.

மத்தேயு ஹென்றியையே எடுத்துக்கொள். அருமையான மனிதர், பக்தியுள்ள எழுத்து. ஆனால் அவர் அப்போஸ்தலருடைய நடபடிகள் வரைக்கும்தான் எழுதினார். ரோமர் தொடங்கி வெளிப்படுத்தின விசேஷம் வரை அவர் இறந்த பிறகு வேறு போதகர்கள் எழுதிச் சேர்த்தது. "ரோமரைப் பற்றி மத்தேயு ஹென்றி சொல்கிறார்" என்று பிரசங்க பீடத்திலிருந்து கேட்கும்போதெல்லாம் எனக்குச் சிரிப்பு வரும். நீ அப்படிச் சொல்லாதே. சீனாய் மலையில் கிடைத்த பழைய வேதாகமச் சுவடியோ சவக்கடல் ஓரக் குகைகளில் கிடைத்த பழைய சுருள்களோ அவருக்குத் தெரியாது. அவருக்குத் தெரியாததை அவர் மேல் குறையாகச் சொல்லவில்லை. அவரை எந்த இடத்தில் கேட்கலாம், எந்த இடத்தில் கேட்கக் கூடாது என்பது உனக்குத் தெரிய வேண்டும்.

நம் தமிழ் வேதாகமமும் அப்படித்தான். நாம் சபையில் வாசிப்பது ஹென்றி பவர் தலைமையில் 1871இல் முடிந்த மொழிபெயர்ப்பு. எல்லா இலவச நிரல்களிலும் தமிழ் என்றால் பெரும்பாலும் அதுதான் கிடைக்கும். அது மேலானது என்பதால் அல்ல, உரிமைச் சிக்கல் இல்லை என்பதால். உங்கள் கூட்டத்துக்கு வருகிற கத்தோலிக்கக் குடும்பம் கையில் வைத்திருக்கும் 1995ஆம் ஆண்டுத் திருவிவிலியம் அதே வழியில் கிடைக்காது. 2019இல் கட்டற்ற உரிமத்தோடு இந்தியத் திருத்தப் பதிப்பு ஒன்று தமிழில் வந்திருக்கிறது. அதையும் இறக்கி, இரண்டையும் பக்கத்துப் பக்கமாகத் திறந்து வை.

இந்தப் பக்கத்துப் பக்கச் சாளரம்தான் எனக்கு இவற்றில் மிகவும் பிடித்தது. வசன எண் ஒன்றை அடித்தால் நான்கு மொழிபெயர்ப்புகள் ஒரே வரிசையில் வந்து நிற்கும். அங்கேதான் உன் கூட்டத்தில் ஒருநாள் கேள்வி எழும். 1 யோவான் 5:7ஐத் திறந்து பார். பவர் பதிப்பில் பிதா, வார்த்தை, பரிசுத்த ஆவி என்று மூவர் பரலோகத்தில் சாட்சியிடுவதாக இருக்கும். 1901ஆம் ஆண்டின் அமெரிக்க ஆங்கிலத் திருத்தப் பதிப்பில் அது இருக்காது. உடனே யாராவது ஒருவர் "புதிய வேதாகமங்களில் வசனத்தைத் திருடிவிட்டார்கள்" என்று வாட்ஸ்அப்பில் வந்ததைக் காட்டுவார். அந்தச் செய்தி எனக்கும் ஆண்டுக்கு ஒருமுறையாவது வந்துவிடுகிறது, கடைசியில் "பத்துப் பேருக்கு அனுப்புக" என்ற கட்டளையோடு.

திருட்டு எதுவும் நடக்கவில்லை. எராஸ்மஸ் என்ற ஐரோப்பிய அறிஞர் கிரேக்கப் புதிய ஏற்பாட்டை 1516இல் அச்சிட்டபோது அந்த வரி அதில் இல்லை. 1519இல் வந்த இரண்டாம் பதிப்பிலும் இல்லை. அவர் பார்த்த கிரேக்கச் சுவடிகளில் அது காணப்படவில்லை. அந்த வரியுள்ள லத்தீன் வேதாகமத்தில் பழகியவர்கள் சத்தம் போட்டார்கள். பிறகு அந்த வரியுள்ள ஒரு கிரேக்கச் சுவடியை அவரிடம் காட்டினார்கள், 1522இல் வந்த மூன்றாம் பதிப்பில் சேர்த்தார். அந்த வழியில் வந்த கிரேக்கப் பாடத்திலிருந்து 1611ஆம் ஆண்டு ஆங்கில வேதாகமத்துக்கு வந்தது. நம் தமிழுக்கும் வந்தது. சபைச் சீர்திருத்தத்தைத் தொடங்கிய மார்ட்டின் லூத்தர் தம் ஜெர்மன் மொழிபெயர்ப்பில் அதைச் சேர்க்கவே இல்லை. அவர் காலத்துக்குப் பின்னால்தான் அது அங்கே நுழைந்தது. மூவரும் ஒரே தேவன் என்னும் திரித்துவ உபதேசம் இந்த ஒரு வரியைப் பிடித்துக்கொண்டு தொங்கவில்லை. மூவரையும் சேர்த்துச் சொல்லும் மத்தேயு 28:19 எல்லாப் பதிப்பிலும் அப்படியே இருக்கிறது. இதைக் கூட்டத்தில் பதற்றமில்லாமல் சொல். சொல்வதற்கு முன் நீயே நான்கு பதிப்புகளையும் திரையில் காட்டிவிட்டால் பாதி வாக்குவாதம் அங்கேயே அடங்கிவிடும்.

இன்னொரு விஷயம் சொன்னால் நீ நம்பமாட்டாய். சீனாய் மலைச் சுவடி என்றேனே, நான்காம் நூற்றாண்டைச் சேர்ந்த கிரேக்க வேதாகமம், அதன் 43 ஏடுகள் உன் ஊர்ப் பல்கலைக்கழக நூலகத்தில்தான் இருக்கின்றன. 1844இல் டிஷென்டார்ஃப் என்ற லைப்சிக் அறிஞர் சீனாய் மலையடிவாரத்து மடத்திலிருந்து கொண்டுவந்தவை. அங்கே இருப்பது பழைய ஏற்பாட்டுப் பகுதிகள். நாம் பேசுகிற யோவான் நிருபம் லண்டனில் பிரிட்டிஷ் நூலகத்தில் இருக்கிறது. ஆனால் நான்கு இடங்களில் சிதறிக் கிடந்த எல்லா ஏடுகளையும் படமெடுத்து 2009இல் இணையத்தில் இலவசமாகப் போட்டுவிட்டார்கள். பாளையங்கோட்டையில் உட்கார்ந்து நான் பார்த்துவிட்டேன். நீ டிராமில் போகிற தூரத்தில் இருந்துகொண்டு இன்னும் பார்க்கவில்லை! அதுபோல ஹாலே உனக்குப் பக்கத்து ஊர். ஜெர்மன் மிஷனரி சீகன்பால்கு தரங்கம்பாடியில் 1714இல் சுவிசேஷங்களையும் நடபடிகளையும், 1715இல் முழுப் புதிய ஏற்பாட்டையும் தமிழில் அச்சிட்டாரே, அதற்கான முதல் தமிழ் எழுத்துகள் ஹாலேயில் வார்த்து கப்பலில் அனுப்பப்பட்டவை. ஒரு சனிக்கிழமை போய்வா.

சரி, வேலைக்கு வருகிறேன். தமிழில் தேடும்போது ஒரு தந்திரம் தேவை. ஆங்கிலம்போல் முழுச் சொல்லை அடித்தால் நம் மொழியில் கால்வாசிகூட அகப்படாது. "அன்பு" என்று தேடினால் அன்பின், அன்பிலே, அன்பாய் எதுவும் வராது. உகரத்தை விட்டுவிட்டு "அன்ப" என்று நிறுத்து. சில நிரல்களில் கடைசியில் நட்சத்திரக் குறி போட வேண்டும், சிலவற்றில் பகுதிப் பொருத்தம் என்று ஒரு பெட்டியைத் தேர்ந்தெடுக்க வேண்டும். ஆனால் மிகவும் குறைத்தும் விடாதே. மரத்தைத் தேடுகிறேன் என்று "மர" போட்டால் மரணம் வரும், மரியாள் வருவாள், மரித்தவர்கள் எல்லாரும் வரிசையில் வந்து நிற்பார்கள். மரம், மரத்த, மரங்க என்று மூன்று தனித் தேடலாகச் செய். திருவிவிலியத்தை எங்காவது வைத்துத் தேடினால், தேவன் என்பதற்குக் கடவுள், கர்த்தர் என்பதற்கு ஆண்டவர் என்று மாற்றி அடிக்க வேண்டும்.

ஜெர்மன் நண்பர்கள் வந்தால் எண்களில் கவனம். நம் வேதாகமத்தில் மல்கியாவுக்கு நான்கு அதிகாரங்கள், அவர்கள் கையிலுள்ள லூத்தர் வேதாகமத்தில் மூன்றுதான். எபிரெய வழக்கத்தைப் பின்பற்றுகிறார்கள். 51ஆம் சங்கீதத்தில் சுத்த இருதயத்தைக் கேட்கிற வசனம் நமக்குப் பத்தாவது, அவர்களுக்குப் பன்னிரண்டாவது. தலைப்பையும் வசனமாக எண்ணுவதால் இரண்டு தள்ளிப்போகிறது. நிரல் சிலசமயம் இதைச் சரிசெய்யும், சிலசமயம் செய்யாது. முன்கூட்டியே பார்த்து வை. இல்லாவிட்டால் பாடத்தில் பத்து நிமிடம் பக்கம் புரட்டுவதிலேயே போய்விடும்.

ஸ்ட்ராங் அகராதி ஒவ்வொரு எபிரெய, கிரேக்கச் சொல்லுக்கும் கொடுத்திருக்கிற எண்களைப் பற்றி ஒரு வரி. ஒரே மூலச்சொல் எங்கெங்கே வருகிறது என்று கண்டுபிடிக்க அதைவிட எளிய வழி இல்லை. அத்தோடு நிறுத்திக்கொள். அந்த எண்ணின் கீழே இருக்கும் ஐந்தாறு ஆங்கிலச் சொற்களில் பிடித்ததைப் பொறுக்கி "மூலபாஷையில் இப்படி" என்று முழங்குகிறவர்களை நீயும் கேட்டிருக்கிறாய், நானும் கேட்டிருக்கிறேன்.

வியாக்கியானங்களைவிட இணைவசனங்களை அதிகம் நம்பு. வேதவசனப் பொக்கிஷம் என்று பத்தொன்பதாம் நூற்றாண்டுத் தொகுப்பு ஒன்று எல்லா நிரல்களிலும் இலவசமாகக் கிடைக்கும். அதில் ஒரு வசனத்துக்கு இருபது இடம் காட்டும். பாதி வலிந்து கோத்தவை, மீதி தங்கம். ஓய்வுநாள் பாடசாலைக்கு நான் பாடம் தயாரிப்பது இப்படித்தான்: வியாக்கியானச் சாளரத்தை மூடிவிடுவேன். பகுதியை முழுவதும் வாசிப்பேன், இணைவசனங்களைப் பார்ப்பேன், எனக்கு என்ன தோன்றுகிறதோ அதைக் குறிப்பில் எழுதுவேன். அதற்குப் பிறகுதான் மற்றவர்கள் சொன்னதைத் திறப்பேன். முதலிலேயே திறந்தால் மூளை வேலை செய்வதை நிறுத்திவிடுகிறது. அப்பா இதற்குக் கூட ஒத்துக்கொள்வதில்லை. கறுப்பு அட்டை வேதாகமமும் சிவப்புப் பென்சிலும் போதும் என்கிறார். அவர் ஐம்பது வருடமாகக் கோடு போட்டு வைத்திருக்கிறார்; உன்னிடம் அந்த வேதாகமம் இல்லை.

குறிப்புகளை நிரலுக்குள்ளேயே எழுது, ஆனால் மாதம் ஒருமுறை காப்பு நகல் எடுத்து வேறு இடத்தில் வை. ஆண்ட்பைபிளில் அதற்குத் தனி வசதி இருக்கிறது. தட்டச்சு யூனிகோடில் மட்டும். பழைய எழுத்துருக்களில் அடித்து வைத்த பிரசங்கக் குறிப்புகள் இன்று திறந்தால் வெறும் கோணல்மாணல் குறிகளாக வருவதைப் பார்த்து ஒரு ஓய்வுபெற்ற போதகர் என்னிடம் புலம்பினார்.

யாக்கோபு நிருபத்திலிருந்து தொடங்கப் போவதாகச் சொன்னாய். லூத்தர் வைக்கோல் நிருபம் என்று சொன்ன நிருபத்தை லூத்தரின் நாட்டில் உட்கார்ந்து நடத்தப் போகிறாய், துணிச்சல்தான். இரண்டாம் அதிகாரத்துக்கு நீ எழுதும் குறிப்பை எனக்கு அனுப்பு. ஆபிரகாம் விசுவாசத்தால் நீதிமான் ஆனார் என்று பவுல் ரோமர் நான்கில் சொல்வதையும், கிரியைகளால் ஆனார் என்று யாக்கோபு அங்கே சொல்வதையும் நீ எப்படிச் சேர்க்கிறாய் என்று பார்க்க வேண்டும். போன தடவை நீ சொன்ன விளக்கம் எனக்குச் சம்மதமில்லை, ஐயா. என் பதிலைத் தயாராக வைத்திருக்கிறேன்.

அன்புடன்,
அம்மா