செயலாளர் ஆண்டறிக்கை: ஸ்லாப்ல இருந்தாலும் காச பாத்து வாங்குங்க

நம்ம நாணய சங்க மெம்பர்ங்க எல்லாருக்கும் வணக்கம். வழக்கமான விஷயத்த சீக்கிரம் முடிச்சிடறேன். மழைல ஒரு மாசம் தவிர மாசக் கூட்டம் எல்லாம் நடந்துச்சு, கணக்க பொருளாளர் தனியா வாசிப்பார், ஸ்கூல் பசங்களுக்கு வெச்ச கண்காட்சிக்கு நல்ல கூட்டம், அவங்களுக்கு ரொம்ப பிடிச்சது ஓட்டைக் காலணாதான்.

இந்த வருஷம் கூட்டத்துல ஓயாம பேசினது ஸ்லாப் காசு பத்தி. பிசிஜிஎஸ் 1986லயும் என்ஜிசி 1987லயும் வந்த அமெரிக்க கம்பெனிங்க, காசோட தரத்துக்கு 1ல இருந்து 70 வரைக்கும் நம்பர் போட்டு பிளாஸ்டிக்ல மூடி தர்றாங்க, அதுதான் ஸ்லாப், நம்ம ஆளுங்க அந்த நம்பர மட்டும் பாத்துட்டு காச பாக்காம வாங்கிடறாங்க. உள்ள இருக்கறது நல்லா காட்டறதுக்காக தேச்சோ கெமிக்கல் போட்டோ வேலை பாத்த காசா கூட இருக்கலாம். கம்பெனில தரம் போடற கிரேடர் ஒரு காச பாக்கறதே சில செகண்டுதான். இப்படி வேலை பாக்கற, அதாவது டாக்டரிங் பண்ற டீலர்ங்க மேல பிசிஜிஎஸ்ஸே 2010ல அமெரிக்காவுல கேஸ் போட்டுச்சுன்னா பாத்துக்கோங்க.

நமக்கு இதுல இன்னொரு சிக்கல் இருக்கு. 100 வருஷத்துக்கு மேல ஆன காசு 1972ம் வருஷ சட்டப்படி தொல்பொருள், தனி ஆள் யாரும் வெளிநாட்டுக்கு அனுப்ப முடியாது. விக்டோரியா ராணி 1862 ரூபாய ஸ்லாப்போட வாங்கிட்டு அப்புறம் சந்தேகம் வந்தா அமெரிக்காவுல இருக்கற கம்பெனிக்கு திருப்பி அனுப்பி கேக்கலாம்ங்கற வழியே இல்ல. அதனால பணம் குடுக்கறதுக்கு முன்னாடியே பாத்துடணும்.

எப்படி பாக்கறது? டியூப்லைட்ல பாக்காதீங்க, அது எல்லாத்தையும் மறைச்சிடும். ரூம் லைட்ட அணைச்சிட்டு ஒரே ஒரு மேஜை விளக்கு, 5 இல்லன்னா 10 மடங்கு லென்ஸ், ஸ்லாப்ப மெதுவா சாச்சு சுத்துங்க. அச்சுல அடிச்சப்ப உலோகம் ஓடின நுண்கோடு இருக்கற நல்ல காசுல வெளிச்சம் சக்கரமா சுத்தும். கெமிக்கல்ல திரும்பத் திரும்ப முக்கி எடுத்த வெள்ளி வெளுப்பா இருக்கும் ஆனா உயிர் இருக்காது, அந்த கோட்டயே கெமிக்கல் தின்னுருக்கும். நம்ம ஊர்ல விபூதி போட்டு தேச்ச ரூபாயில ஒரே திசைல மெல்லிசா கீறல் ஓடும். கம்பி பிரஷ்ஷ மெஷின்ல வெச்சு தேச்சிருந்தா பளபளப்பு இருக்கும், சக்கரம் சுத்தாது, எழுத்து ஓரத்துல உலோகம் குவிஞ்சு நிக்கும். கீறல் காசுல இருக்கா பிளாஸ்டிக்லயான்னு நிறைய பேர் கேட்டீங்க, சாய்க்கும்போது காசு மேல அது நகர்ந்து போற மாதிரி தெரிஞ்சா பிளாஸ்டிக், காசோட ஒட்டியே இருந்தா காசு.

கலர் விஷயத்துல சண்டையே வந்துச்சு, ஒரு மெம்பர் வானவில் கலர்ல மார்கன் டாலர், அதாவது அமெரிக்காவோட பழைய வெள்ளி டாலர், கொண்டு வந்தப்ப. மூட்டையில வருஷக்கணக்கா கிடந்த மார்கன் டாலர்ல இயற்கையாவே கலர் வரும், உண்மை. மேல படியற சல்பைடு படலம் தடிமனாக ஆக ஆக மஞ்சள், சிவப்பு, நீலம்னு ஒரு வரிசைல போகும். அந்த வரிசை இல்லாம நீலமும் ஊதாவும் மட்டும் திட்டுத்திட்டா இருந்தா, இல்லன்னா கலர் கீறலுக்குள்ளயும் இறங்கி நின்னா யோசிங்க, சல்பர் கெமிக்கலோ சூடோ காட்டின கதை. வந்த டாலர பத்தி முடிவுக்கு வரல, எனக்கு பிடிக்கல, அவ்ளோதான்.

தங்கத்துல வேற மாதிரி ஏமாத்துவாங்க. அமெரிக்க 20 டாலர் காசுல இருக்கற பெண் முகத்தோட கன்னத்துல அடிபட்ட தழும்ப மெழுகோ புட்டிப் பசையோ தடவி மறைப்பாங்க, ஸ்லாப் போடறப்ப தெரியாது, அப்புறம் அந்த இடம் மட்டும் புகை மாதிரி வெளுத்துப் போகும், சுத்தி இருக்கற தங்கம் மின்னும்.

லேபிள்ல டீடெயில்ஸ்னு எழுதியிருந்தா அது கம்பெனி கண்டுபிடிச்ச குறை, தர நம்பர் இருக்காது, குறைக்கான கோடுதான் இருக்கும், அதுல 92னா கிளீன் பண்ணது, 94னா மேற்பரப்ப மாத்தினதுன்னு பிசிஜிஎஸ் கோடு. அந்த காச வேண்டாம்னு சொல்லல, விலைய மட்டும் அதுக்கேத்த மாதிரி பேசுங்க. சிஏசிங்கற கம்பெனி ஸ்லாப் காச மறுபடி பாத்து, தரம் சரின்னா ஒட்டற பச்சை ஸ்டிக்கர் அமெரிக்க காசுக்குத்தான், நம்ம ரூபாய்க்கு ஒட்டி வந்தா அந்த ஸ்டிக்கரயே சந்தேகப்படுங்க.

அடுத்த வருஷம் ஆளாளுக்கு ஒரு ஸ்லாப் கொண்டு வாங்க, லேபிள மறைச்சிட்டு ஒரே விளக்குல பாப்போம், கூட்டம் முடிஞ்சதும்தான் நம்பர காட்டணும். விளக்கு நான் கொண்டு வரேன். சந்தா பாக்கி வெச்சிருக்கறவங்க இன்னைக்கே பொருளாளர பாத்துட்டு போங்க.