வெர்டியின் வீடு: ஒரு தேதி சொல்லுங்கள்

மாண்புமிகு இத்தாலியப் பண்பாட்டு அமைச்சர் அவர்களுக்கும் அமைச்சக அதிகாரிகளுக்கும்,

வணக்கம். ஓபரா என்னும் இசை நாடகங்களால் உலகறிந்த இசையமைப்பாளர் வெர்டி சாந்தாகத்தா கிராமத்தில் வாழ்ந்த வீட்டைப் பற்றி எழுதுகிறேன். வாரிசுகளுக்குள் நடந்த பாகப்பிரிவினை வழக்கு, வீட்டை விற்கச் சொன்ன தீர்ப்பு எல்லாம் உங்கள் கோப்புகளிலேயே இருப்பதால் நேராக விஷயத்துக்கு வருகிறேன். 2022 அக்டோபரில் பார்வையாளர்களுக்கு மூடப்பட்ட அந்தக் கதவு மறுபடி எப்போது திறக்கும்? ஒரு தேதி சொல்லுங்கள்.

தமிழில் எழுதுவதற்கு மன்னிக்கவும். ஒரு வார்த்தை இத்தாலியன் தெரியாமல்தான் நாங்கள் அவருடைய ‘லா த்ராவியாத்தா’ ஓபராவைக் கேட்டுக் கண் கலங்குகிறோம். இந்த ஒரு பக்கத்தைப் படித்துச் சொல்ல ரோமில் யாராவது கிடைக்காமலா போவார்கள்?

எழுதத் தூண்டியது இதுதான். இத்தாலியின் பார்மா நகரில் நடக்கும் வெர்டி விழாவுக்குப் போகலாம் என்று நண்பர் ஒருவர் விசாரித்தார். ரோங்கோலே கிராமத்தில் வெர்டி பிறந்த வீட்டைப் பார்க்கலாம், பக்கத்து ஊரான புசேத்தோவில் அவர் பெயரில் உள்ள அரங்கைப் பார்க்கலாம், ஐம்பது வருடம் குடியிருந்த வீட்டை மட்டும் வேலிக்கு வெளியே நின்று பார்த்துக்கொள்ளலாம் என்று பதில் வந்ததாம்.

1848இல் நிலத்தோடு வாங்கி, 1851இல் பாடகி ஜுசெப்பினா ஸ்ட்ரெப்போனியோடு குடிபோன வீடு அது. கல்யாணமாகாமல் சேர்ந்து வாழ்கிறார்கள் என்று புசேத்தோ ஊரே வம்பு பேச, அந்த வாயிலிருந்து தப்பித்து வந்த இடம். அங்கிருந்துகொண்டே ஓபராவும் எழுதினார், மாடும் வளர்த்தார், பண்ணைக் கணக்கும் பார்த்தார். ‘இல் த்ரொவத்தோரே’யிலிருந்து ‘ஃபால்ஸ்டாஃப்’ வரை அவர் வாழ்க்கையில் அந்த வீடு உண்டு. தோட்டத்தையும் வீட்டையும் இருக்கிறபடியே காப்பாற்ற வேண்டும் என்று உயிலிலும் எழுதி வைத்தார்.

அந்த வீட்டுக்குள் ஓர் அறை இருக்கிறது. 1901 ஜனவரியில் மிலானில் ஒரு ஹோட்டலில் தங்கியிருந்தபோது வெர்டிக்குப் பக்கவாதம் வந்தது. ஜனவரி 27 அன்று இறந்தார், வயது 87. அதற்கு முந்தைய நாட்களில், வண்டிச் சத்தம் அவரைத் தொந்தரவு செய்யக் கூடாதென்று ஹோட்டலுக்கு வெளியே தெருவில் வைக்கோல் பரப்பினார்கள். அவர் படுத்திருந்த கட்டில் உள்பட அந்த ஹோட்டல் அறையின் சாமான்களைப் பிறகு சாந்தாகத்தாவுக்குக் கொண்டுவந்து ஓர் அறையில் அப்படியே அமைத்தார்கள். கிழவர் தூங்க வேண்டுமென்று ஒரு நகரமே சத்தத்தை அடக்கிக்கொண்டது. இன்று அந்தக் கட்டிலுக்கு வெளியே பூட்டு தொங்குகிறது. கூரை ஒழுகினாலும் பூஞ்சை படர்ந்தாலும் வாசலில் நிற்கிறவனுக்கு என்ன தெரியும்?

நீங்கள் ஒன்றுமே செய்யவில்லை என்று சொல்ல மாட்டேன். அரசே கையகப்படுத்தும் என்று அறிவித்தீர்கள். அந்தச் செலவுக்காக ஓபரா அரங்குகள் அவருடைய படைப்புகளையே மேடையேற்றி வசூல் திரட்டின. செத்து நூறு வருடத்துக்கு மேலான மனிதர் தன் வீட்டை மீட்கத் தானே சம்பாதித்துக் கொடுத்திருக்கிறார். அப்புறம் என்ன தயக்கம்?

கௌரவிப்பதில் உங்களுக்கு எப்போதும் குறை கிடையாது. பதினெட்டு வயதில் அவரைச் சேர்த்துக்கொள்ளாத மிலான் இசைக் கல்லூரிக்கு இன்று அவர் பெயர்தான். உங்கள் பழைய நாணயமான லிராவில், ஆயிரம் லிரா நோட்டில் அவர் முகத்தை அச்சடித்தீர்கள். 2023 டிசம்பரில் இத்தாலியின் ஓபரா பாடும் கலை யுனெஸ்கோ பட்டியலில் ஏறியபோது மார்தட்டிக்கொண்டீர்கள். அப்போதும் இந்த வீடு மூடித்தான் கிடந்தது.

நலிந்த இசைக் கலைஞர்களுக்காக மிலானில் அவர் கட்டிய முதியோர் இல்லம் 1902இல் திறந்தது, இன்றும் நடக்கிறது. தன் படைப்புகளிலேயே அதுதான் தனக்குப் பிடித்தது என்றவர், யாரும் தன்னைத் தேடி வந்து நன்றி சொல்லக் கூடாதென்று, தான் இறந்த பிறகே திறக்கச் சொல்லியிருந்தார். ஊராருக்குக் கட்டிய வீடு நடக்கிறது, அவருடைய சொந்த வீடு நடக்கவில்லை.

கோபத்தில் எங்கேயோ போய்விட்டேன், மன்னியுங்கள். புகார்க் கடிதம் வந்தால் வெர்டி என்ன செய்தார் என்பதை மட்டும் நினைவூட்டுகிறேன். 1872இல் பெர்த்தானி என்பவர் வெர்டியின் ‘ஐடா’ ஓபராவை இரண்டு தடவை பார்த்தார், பிடிக்கவில்லை. டிக்கெட், ரயில், ராத்திரிச் சாப்பாடு எல்லாம் கூட்டி 31.80 லிரா நஷ்டம், திருப்பித் தாருங்கள் என்று வெர்டிக்கே எழுதினார். வெர்டி கடிதத்தைக் குப்பையில் போடவில்லை. தன் பதிப்பாளர் மூலம் 27.80 லிரா அனுப்பச் சொன்னார். சாப்பாட்டை வீட்டிலேயே சாப்பிட்டிருக்கலாமே என்று அந்தக் காசை மட்டும் பிடித்துக்கொண்டார். ‘இனிமேல் உங்கள் புது ஓபராவுக்கு வர மாட்டேன்’ என்று பெர்த்தானியிடம் எழுதியும் வாங்கிக்கொண்டார்.

தயவுசெய்து நீங்களும் பதில் எழுதுங்கள். பழுதுபார்க்கும் வேலை எந்த நிலையில் இருக்கிறது, மக்களை எந்த மாதம் உள்ளே விடுவீர்கள் என்று சொன்னால் போதும். சாப்பாட்டுக் காசு நாங்கள் கேட்க மாட்டோம்.

பணிவுடன்,
ஒரு தமிழ் ரசிகன்