இனிப்பு நீர்க்காரர்களுக்குக் கடலை ஆகாதா?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

பினாங்கில் அரசு கிளினிக்குகளில் தாதியாக இருந்து ஓய்வு பெற்றவள் நான். இனிப்பு நீருக்கு, அதாவது நீரிழிவுக்கு, மருந்து வாங்க வரும் நம்மவர்களிடம் நிலக்கடலை சாப்பிடுவீர்களா என்று கேட்டால், "ஐயையோ மிஸ்ஸி, அது ஒரே கொழுப்பாச்சே!" என்பார்கள். சரி, காலையில் என்ன பசியாறினீர்கள்? இரண்டு ரொட்டி சானாய், ஒரு தே தாரே. மாலையில்? மைலோவில் தொட்டு நாலைந்து பிஸ்கட். அதற்கெல்லாம் பயமே இல்லை. பயம் முழுக்கக் கடலை மேல்தான்.

2019 தேசிய சுகாதார ஆய்வின்படி மலேசியாவில் பெரியவர்களில் ஏறத்தாழ ஐந்தில் ஒருவருக்கு அப்போது இனிப்பு நீர் இருந்தது. இந்தியர்களை மட்டும் எடுத்தால் 31 விழுக்காட்டுக்கும் மேல். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

கடலையில் பாதிக்குப் பாதி கொழுப்பு என்பது உண்மை. ஆனால் அதில் பெரும்பகுதி கெட்ட கொலஸ்ட்ராலைக் குறைக்க உதவும் வகை. 30 கிராம் கடலையில் ஒரு முட்டையில் இருப்பதைவிடச் சற்றுக் கூடுதலான புரதம் இருக்கிறது. மாவுச்சத்தோ 5 கிராம் அளவுதான். நார்ச்சத்தும் இருப்பதால் சர்க்கரை சட்டென்று ஏறாது, சீக்கிரம் பசிக்கவும் செய்யாது. ஸ்பெயினில் 7,000 பேருக்கு மேல் வைத்து நடத்திய ஆய்வு 2013இல் வெளிவந்து, குறைகள் திருத்தப்பட்டு 2018இல் மறுபடி வெளியானது. அந்த ஊர்ச் சாப்பாட்டோடு தினமும் 30 கிராம் வால்நட், பாதாம், ஹேசல்நட் சாப்பிட்டவர்களுக்கு, கொழுப்பைக் குறைக்கச் சொல்லப்பட்டவர்களைவிட மாரடைப்பு, பக்கவாதம் போன்றவை ஏறத்தாழ 30 விழுக்காடு குறைவு.

அதற்காகப் பாதாம்தான் வேண்டும் என்று தீபாவளிப் பரிசுக் கூடைக்குக் காத்திருக்க வேண்டாம். பாதாமில் வைட்டமின் ஈயும் கால்சியமும் அதிகம், ஒப்புக்கொள்கிறேன். புரதத்தில் நிலக்கடலைதான் முந்துகிறது, விலையும் நம் கைக்கு அடங்கும்.

ஒன்றை மட்டும் கவனியுங்கள். கடலை, பிஸ்கட்டுக்குப் பதிலாக வர வேண்டும். பிஸ்கட்டுக்கு மேல் அல்ல. 30 கிராமிலேயே 170 கலோரி இருக்கிறது. கறிபாப்பும் தின்றுவிட்டுத் தொலைக்காட்சி முன்னால் ஒரு கிண்ணம் கொறித்தால் உடம்பு ஏறத்தான் செய்யும். உள்ளங்கையில் அள்ளினால் விரல்களை மூட முடிய வேண்டும், அவ்வளவுதான் ஒரு நாளைக்கு. அப்புறம், கச்சாங் பூத்தே கடையில் வாங்கும் பொட்டலத்தை இந்தக் கணக்கில் சேர்க்காதீர்கள். பாதிக்கு மேல் முறுக்கு, மீதியில் உப்பு. எனக்கும் அது பிடிக்கும், அது வேறு விஷயம்.

லிட்டில் இந்தியா மளிகைக் கடைகளில் பச்சைக் கடலை கிடைக்கிறது. எண்ணெய் இல்லாமல் இரும்புச் சட்டியில், சிறு தீயில் வறுங்கள். தோல் வெடித்து, விரலால் தேய்த்தால் உரியும் பதத்தில் இறக்கிவிடுங்கள். அடுப்பை அணைத்த பிறகும் சட்டிச் சூட்டில் கருகும். மலிவாகக் கிடைக்கிறதென்று கிலோ கணக்கில் வாங்கிக் குவிக்காதீர்கள். நம் ஊர் ஈரக் காற்றில் பூஞ்சணம் பிடித்தால் அஃப்ளாடாக்சின் என்ற நஞ்சு உண்டாகும், கல்லீரலைக் கெடுக்கும். வறுத்தாலும் அது முழுவதும் போகாது. சுருங்கியது, கறுத்தது எல்லாவற்றையும் பொறுக்கி எறியுங்கள். வாயில் கசந்தால் உடனே துப்புங்கள். மீதியைப் போத்தலில் இறுக மூடி ஐஸ் பெட்டியில் வையுங்கள்.

சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள், டயாலிசிஸ் செய்பவர்கள் மருத்துவரைக் கேட்காமல் தொட வேண்டாம். ஒவ்வாமை உள்ளவர்களுக்குச் சொல்லவே வேண்டாம். ஐந்து வயதுக்குக் கீழுள்ள பிள்ளைகளுக்கு முழுக் கடலை கொடுக்காதீர்கள், தொண்டையில் அடைத்துக்கொள்ளும்.

ஆலயக் கூட்டம், சங்கக் கூட்டம் எதுவானாலும் தேநீர் நேரத்தில் கேக்கும் கறிபாப்பும்தான். வந்திருப்பவர்களில் பாதிப் பேர் சட்டைப் பையில் மாத்திரை வைத்திருப்பார்கள். அங்கே ஒரு தட்டு அவித்த கடலை வைத்தால் என்ன? எங்கள் வட்டாரத்துக் கோயிலில் கேட்டுப் பார்த்தேன். "தோலை யாரம்மா கூட்டுறது?" என்கிறார் செயலாளர். உரித்த கடலையைச் சுண்டலாகத் தாளிக்கலாமே, நானே வந்து செய்து தருகிறேன் என்று சொல்லியிருக்கிறேன். அடுத்த கூட்டத்தில் பேசி முடிவு செய்வார்களாம்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற தாதி,
ஆயர் ஈத்தாம், பினாங்கு